பெராங் நகரத்து யானையை நான் சுரண்டி எடுத்த கதை

மகளே, பெட்டியைத் திறந்துவிட்டாய். மூடியை ஒழுங்காக மேலே இழுத்தாயா, அல்லது உன் அம்மாவைப் போலக் கத்தியைச் செருகி நெம்பினாயா? எப்படியோ திறந்துவிட்டாய், அது போதும். உள்ளே மடித்து வைத்த பெரிய நீலக் காகிதம் ஒன்று, அட்டையில் வெட்டிய ஏழு கதவுகள், ஒரு மூலை கடிபட்ட மரப்பகடை, பிறகு இந்தக் கடிதம். நீ பெட்டி படுக்கையோடு இந்த வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் உன் கையில் கொடுக்கவேண்டும் என்று அலமாரியின் மேல்தட்டில் வைக்கப்போகிறேன். படிக்கப் போவாயோ, வேலைக்குப் போவாயோ, கல்யாணமாகிப் போவாயோ, எனக்குத் தெரியாது. இப்போது உனக்கு எட்டு மாதம். எனக்கு இருபத்தேழு வயது. தலை நரைத்த பிறகுதான் அப்பாக்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி எழுதுகிறார்கள். அவ்வளவு காலம் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. தவிர, நரைத்த பிறகு நான் செய்த தப்பையெல்லாம் அழகாக மாற்றிச் சொல்லப் பழகிவிடுவேன். இப்போதே எழுதினால் உள்ளபடி எழுதுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை நான் சாதாரணக் காகிதத்தில் எழுதவில்லை. ஆபீசில் வரைபடம் போடும் ஒளி ஊடுருவும் டிரேசிங் துணியில், கறுப்பு இந்திய மையில் எழுதுகிறேன். இதை மருந்து பூசிய காகிதத்தின்மேல் விரித்து வெயிலில் காட்டினால் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். நானும் உன் அம்மாவும் உண்டாக்கிய ஆட்டத்தின் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒன்று போகும். ஆகவே இது உனக்கு எழுதிய கடிதம், ஆனால் ஆட்டம் வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் இருக்கிறது, பரவாயில்லை.

இன்று ஏன் இவ்வளவு அவசரமாக உட்கார்ந்தேன் என்றால், காலையில் ஹமிட்டிடமிருந்து கடிதம் வந்தது. ஹமிட் எங்கள் ஆபீசில் வரைபடங்களுக்கு நீல நகல் எடுக்கும் புளூபிரிண்ட் அறையில் இருந்தவன். போன வருடம் கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனான். போகும்போது நம் ஆட்டத்தில் ஒரு பெட்டி எடுத்துப்போனான். இப்போது எழுதுகிறான்: அவன் தங்கியிருக்கும் விடுதியில் ஞாயிறு தவறாமல் ஆடுகிறார்களாம், இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நின்று யோசனை சொல்கிறார்களாம், இன்னும் பத்துப் பெட்டி வேண்டுமாம். கடைசியில் ஒரு கேள்வி: "யானை ஏழு கதவையும் உடைத்துவிட்டது. இனிமேல் என்ன?" மகளே, நான் நாற்காலியிலிருந்து எழுந்து கூத்தாடினேன். ஏழு கதவும் உடைந்த நகரத்தை நான் யோசித்ததே இல்லை. நான் கண்டுபிடித்த ஊரில் எனக்குத் தெரியாத ஏதோ நடந்துகொண்டிருக்கிறது! உன்னைத் தூக்கிச் சுற்றினேன். நீ என் சட்டையில் பால் கக்கினாய். அதுவும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இந்த ஆட்டம் பிறக்காமலே போயிருக்கும். அதற்குக் காரணம் நான். அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும்.

முதலில் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். என் அப்பா புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நான் தொழிற்பள்ளியில் படித்து, அரசாங்க ஆபீசில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் ஆனவன். உன் அம்மா லெச்சுமி இங்கே மலாக்காவில், காஜா பெராங்கில் பல தலைமுறையாக இருக்கும் சிட்டி குடும்பம், பழைய தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். அவர்கள் வீட்டில் சாமிக்கு விளக்கு எரியும், நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மட்டும் மலாய். தமிழ் அவளுக்குக் கொஞ்சம் காதில் உண்டு, கண்ணில் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்க நான் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. கத்தினேன். அவள் சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

கல்யாணமான புதிதில் ஒரு மழைச் சாயங்காலம். நான், அவள், அவள் அண்ணன் மாணிக்கம் மூவரும் பாம்பு ஏணி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். உன் மாணிக்கம் மாமா லாரி ஓட்டுகிறவர். எந்த ஆட்டத்திலும் நம்மை முந்தப் பார்ப்பார். உன் அம்மாவின் காய் ஏணிக் கட்டத்தில் விழுந்தது. அவள் ஏறவில்லை.

"ஏறு," என்றேன்.

"எனக்கு ஏற வேணாம்."

"ஏணி வந்தா ஏறணும். அதான் ஆட்டம்."

"என்னா ஆட்டம் இது? நா கேட்டனா ஏணி? இந்தப் பக்கம் சுங்கை இருக்கு. நா மீன் புடிக்கப் போறேன்," என்று காயை எடுத்துப் பலகைக்கு வெளியே, பாயின் மேல் வைத்தாள். பாயில் ஒரு மடிப்பு இருந்தது. அதுதான் அவள் சொன்ன சுங்கை, நதியாம்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவள் சொல்வது சரி! இந்த ஆட்டத்தில் நாம் எதையும் தீர்மானிப்பதில்லை, பகடைதான் தீர்மானிக்கிறது. நாம் அதற்குக் கூலியாள் மாதிரி காயைத் தூக்கி வைக்கிறோம். ஒருவன் "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்ல, அது முடிந்ததா இல்லையா என்பதை மட்டும் பகடை சொன்னால் எப்படி இருக்கும்? "ஆத்துல மீன் இருக்கா?" என்று கேட்டேன். "நீ சொல்லு," என்றாள். நான் பகடையை உருட்டினேன். ஐந்து. "மீன் இல்ல. ஒரு பெட்டி மாட்டியிருக்கு. பூட்டு போட்ட பெட்டி," என்றேன். மாமா ஏணியை மறந்து பாய்க்கு வந்துவிட்டார். அன்று யாரும் நூறாவது கட்டத்துக்குப் போகவில்லை.

அப்படித்தான் பெராங் நகரம் வந்தது. நாம் இருக்கும் இடத்தின் பெயருக்கே அர்த்தம் சீற்றம் கொண்ட யானை: காஜா என்றால் மலாயில் யானை, பெராங் என்றால் சீற்றம். அதனால் நகரத்துக்குப் பெராங் என்று பேர் வைத்தோம். யானை தன்னால் வந்துவிட்டது. ஆற்று முகத்தில் மதில் கட்டிய ஊர், ஏழு கதவுகள், மதிலுக்கு வெளியே யானை. ஆடுகிறவர்களில் ஒருவர் ஊருக்காகப் பேசவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். படகுக்காரன், உப்பு விற்கிறவள், செத்தவர்களோடு பேசத் தெரிந்த நாவிதன். டிரேசிங் துணியில் நகரத்தின் படம் முழுவதும் வரைந்தது உன் அம்மா. அவள் கைக்கு அளவுகோல் தேவையில்லை. மணி கோத்துச் செருப்பு தைக்கிறவள், கட்டம் கட்டமாக எண்ணியே வளர்ந்த கை. நான் ஆபீஸ் முடிந்து வருவதற்குள் ஒரு தெரு வளர்ந்திருக்கும். கூரையில் பூனை இருக்கும். கிணற்றடியில் இரண்டு பெண்கள் யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், பேசுவது நமக்குக் கேட்கிற மாதிரியே இருக்கும். மதிலுக்கு வெளியே வலது ஓரத்தில் யானை: கதவைவிட இரண்டு மடங்கு பெரிது, ஒரு தந்தம் படத்தின் ஓரத்தையே தாண்டிப் போகும்.

நான் விதி எழுதினேன். இங்கேதான் என் முதல் தப்பு. நூற்றுப்பன்னிரண்டு விதி எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு. நனைந்த கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு ஓர் அட்டவணை. சிரிக்காதே, அந்த அட்டவணை சரியான கணக்கு. முதல் சோதனை ஆட்டத்துக்கு ஹமிட்டைக் கூப்பிட்டேன். ஞாயிறு மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு, விதிகளை மலாயில் மொழிபெயர்த்து வாசிக்க ஆரம்பித்தேன். இருபதாவது விதியில் மாமா சுவரில் சாய்ந்தார். முப்பதாவதில் ஹமிட் கண்ணை மூடிக்கொண்டு "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் லா" என்றான். உன் அம்மா எழுந்துபோய்த் துணி மடித்தாள்.

எப்படியோ ஆட ஆரம்பித்தோம். ஹமிட்டின் படகுக்காரன் கதவுக்குள் ஓடி ஒளிந்தான். நான் ஊராகப் பேசினேன். பகடை உருட்டினேன், ஆறு. "விதி நாப்பத்தொண்ணு. ஆறு விழுந்தா யானை அடுத்த இடத்துக்குள்ள வரும். வந்துடுச்சு. நீ காலி."

ஹமிட் படத்தை விரலால் தட்டினான். "எப்படி வரும்? யானையைப் பாரு, கதவைப் பாரு. உன் பெண்டாட்டி வரைஞ்சிருக்கா. இந்த யானை இந்தக் கதவுல நுழையாது."

"படம் சும்மா அழகுக்குய்யா! விதிதான் விதி!"

"படம் சும்மாவா?" இது உன் அம்மா, மடித்த துணிகளுக்கு நடுவிலிருந்து.

நான் அந்தக் குரலைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஹமிட்டோடு அரைமணி நேரம் கத்தினேன். ஆட்டம் அங்கேயே நின்றது.

மறுநாள் நடந்தது புரியவேண்டுமென்றால் என் வேலை உனக்குப் புரியவேண்டும். அப்போது சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை மலாக்கா பிரிட்டிஷ்காரர்களின் 'செட்டில்மென்ட்'. கொடி மாறிய நாளிலிருந்து 'ஸ்டேட்', அதாவது மாநிலம். ஆபீசில் இருந்த வரைபடங்களின் மூலையில் எல்லாம் பழைய சொல்லை எடுத்துவிட்டுப் புதிய சொல்லை எழுதவேண்டும். டிரேசிங் துணியில் காய்ந்த மையை ரப்பரால் அழிக்க முடியாது. சவர பிளேடைப் படுக்கவைத்து மெல்லச் சுரண்டவேண்டும். பிறகு அந்த இடத்தில் சுண்ணப்பொடி தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் புது மை ஊறிப் பரவிவிடும். காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகவே சுரண்டினேன்! ஒவ்வொரு முறையும் பழைய ஆட்சியை ஓர் அங்குலம் பெயர்த்து எடுக்கிற மாதிரி இருந்தது. கையில் பிளேடு இருந்தால், பார்க்கிறதெல்லாம் திருத்தவேண்டியதாகத் தெரியும். அந்தக் கையோடு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். வரைபடம் மேசைமேல் இருந்தது. யானை இருந்தது.

சுரண்டிவிட்டேன். அவசரத்தில் ஆழமாகவே. பொடியும் தேய்க்கவில்லை. வரைபடத்தின் அளவு, அங்குலத்துக்கு நாற்பது அடி. பத்தடி யானை கால் அங்குலம் வரும். அளவு பிசகாமல், கால் அங்குலத்தில், பக்கத்தில் ஒரு யானை வரைந்தேன். இப்போது அது எந்தக் கதவிலும் தாராளமாக நுழையும். பிரச்சினை தீர்ந்தது என்று கைகழுவிவிட்டுக் காப்பி கலந்தேன்.

அவள் வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது நீ அவள் வயிற்றில் ஏழு மாதம்.

"இது என்னா?"

"யானை. ஸ்கேல்படி."

குனிந்து பார்த்தாள். "இது காஜா இல்ல. திக்குஸ்," என்றாள். எலி என்று அர்த்தம். பிறகு சுரண்டிய இடத்தைத் தடவினாள். துணி அங்கே வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தது. "நா ஒன்பது நாள் வரைஞ்சேன். நீ என்னைக் கேக்கல."

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"தெரியுதுல்ல?" என்றாள். அவ்வளவுதான். தன் பேனாக்களைக் கழுவித் துடைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். "இனி நீயே வரை, துவான்."

என் அதிகாரியைத்தான் நாங்கள் துவான் என்போம்.

பதினாறு நாள் அந்த டின் திறக்கவில்லை. சோறு போட்டாள், பேசினாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள். ஆனால் அந்த மேசைப் பக்கம் திரும்பவில்லை. இதற்கிடையில் ஹமிட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, மாதக் கடைசியில் கோலாலம்பூர். அவன் இல்லாவிட்டால் வீட்டில் புளூபிரிண்ட் எடுக்க எனக்குத் துணை கிடையாது. ஆட்டத்தை மலாக்காவுக்கு வெளியே கொண்டுபோகவும் வேறு ஆள் கிடையாது. நான் பிடிவாதமாகச் சின்ன யானையை வைத்தே இன்னொரு ஆட்டம் நடத்தினேன். யானை வருகிறது என்று நான் கத்தியபோது ஹமிட் குனிந்து அதன்மேல் ஊதினான். "பறந்துடுச்சா?" என்று மாமா கேட்டார். யாரும் பயப்படவில்லை. விதி சரி, அளவு சரி, ஆட்டம் செத்துவிட்டது. எனக்கு அன்றுதான் உறைத்தது. அந்தப் பெரிய யானையைப் பார்த்துத்தான் ஹமிட் கதவுக்குள் ஓடினான். விதி நாற்பத்தொன்றுக்குப் பயந்து எவனும் ஓடமாட்டான்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. இதுவும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். ஒருவேளை இந்தக் குறை உனக்கும் வந்திருக்கலாம். ஆகவே நான் செய்தது என்னவென்றால், காகிதத்தில் நானே பெரிய யானை ஒன்றை வரைந்து அவள் முன் வைத்தேன். செட்-ஸ்குவேர் வைத்து வரைந்த யானை. அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணித் தொட்டி. பைப்பு மாட்டுன தண்ணித் தொட்டி," என்றாள்.

"ஆமா. எனக்கு வராது. சுரண்டினது தப்பு. உன்னைக் கேட்டிருக்கணும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அவள் உடனே டின்னைத் திறக்கவில்லை. "உன் ரூல் புக்கை எடு," என்றாள். "ஒவ்வொண்ணா சொல்லு. நா கேக்குறேன்."

மூன்று சாயங்காலம். நூற்றுப்பன்னிரண்டு விதியையும் நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டாள்: "இதை நா எங்க வரையிறது?" படத்தில் காட்டமுடிகிற விதி நிற்கும். காட்டமுடியாதது போகும். நனைந்த கயிறு போயிற்று. நான் அதற்காகச் சண்டை போட்டேன், தோற்றேன். தமிழ் படிக்கத் தெரியாத ஒருத்தி, தமிழ் தெரியாத ஹமிட்டும் ஆடும்படியான ஆட்டத்தை என்னிடமிருந்து பிதுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். மிஞ்சியது பதினெட்டு விதி. இடையில் பழைய விதி நாற்பத்தொன்று வந்தபோதுதான் அது நடந்தது.

"ஆறு விழுந்தா யானை உள்ள வரும்," என்றேன்.

"நுழையாது. பெருசு."

"அப்ப என்னதான் செய்யும்?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "கதவு உடையும்."

மகளே, நான் எழுந்து நின்றுவிட்டேன். கதவு உடையும்! உடைந்த கதவு திரும்ப வராது! கதவுகளைத் துணியில் வரையக்கூடாது, தனித்தனி அட்டையாக வெட்டி மதிலில் நிறுத்தவேண்டும். யானை வந்தால் ஒன்றை எடுத்துவிடவேண்டும். அடுத்த ஞாயிறு ஆடினாலும் அந்தக் கதவு இருக்காது. ஓர் ஆட்டத்தில் நடந்தது அடுத்த ஆட்டத்திலும் நிற்கும். ஊருக்கு ஞாபகம் இருக்கும்! வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.

யானையை அதே இடத்தில்தான் வரைந்தாள். சுரண்டிய இடத்தில் மை ஊறும் என்று எச்சரித்தேன். ஊறியது. கால்களுக்கு அடியில் குபுகுபுவென்று பரவியது. அவள் அதைத் துடைக்காமல் தூசியாக்கிவிட்டாள். பூமி அதிர யானை நடக்கிற தூசி. உன் பெட்டியில் இருக்கும் நகலை விரித்துப் பார். யானையின் வயிற்றுக்குக் கீழே மேகம் மாதிரி ஒரு வெண்மை இருக்கும். அதுதான் என் பிளேடு. எடுத்த ஒவ்வொரு நகலிலும் இருக்கிறது, இனி எடுப்பதிலும் இருக்கும்.

பிறகு வெயிலுக்கு அலைந்தோம். ஹமிட் கிளம்ப நான்கு நாள், மழை விடவில்லை. இரும்பு உப்பு பூசிய காகிதம் தயார், கண்ணாடிச் சட்டம் தயார், சூரியன் மட்டும் இல்லை. கடைசி நாள் காலை பத்துமணிக்கு மேகம் கிழிந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று மாமா லாரியை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். முற்றத்தில் நானும் ஹமிட்டும் சட்டத்தைப் பிடிக்க, மாமா நேரம் எண்ண, உன் அம்மா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தகரத்தொட்டியில் காகிதத்தை அலசினாள். மஞ்சள் கழுவிப்போக, ஆழ்ந்த நீலம் எழுந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடாகத் தெருக்கள், பூனை, கிணற்றடி. கடைசியில் யானை. நால்வரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். எட்டுப் பிரதி எடுப்பதற்குள் மறுபடி மழை. நனையாமல் காப்பாற்றியதில் ஒன்று ஹமிட்டோடு ரயில் ஏறியது. இரண்டு வாரத்தில் நீ பிறந்தாய். போன மாதம் உனக்குப் பல் முளைத்தது. முதல் வேலையாகப் பகடையைக் கடித்தாய். அந்த மூலை கடிபட்டதிலிருந்து ஆறு அதிகம் விழுகிறது என்பது என் சந்தேகம். மாற்றவேண்டும் என்றேன். "யானை இன்னும் அடிக்கடி வரட்டும்," என்கிறாள் உன் அம்மா.

உனக்கு நான் சொல்லவேண்டியது அதிகமில்லை. உனக்கு வேகம் இருக்கும், என் பிள்ளை அல்லவா. இருக்கட்டும். ஆனால் அடுத்தவர் போட்ட கோட்டில் கை வைக்குமுன் அவரைக் கேள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து கேட்காமல் இருந்தால், தப்பு என்று உனக்கே தெரியும் என்றுதான் பொருள். பதினெட்டோடு சேர்த்து உன் அம்மா கடைசியாக ஒரு விதி வைத்தாள். படத்தின் கீழ் ஓரத்தில் பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பிளேடு வரைந்திருப்பாள், அதுதான் அது: ஆட்டத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் அழிக்கக்கூடாது. மேலே சேர்க்கலாம்.

இதுவரை எழுதியதை இப்போது அவளுக்கு வாசித்துக் காட்டினேன், மலாயில். நீ அவள் மடியில் தூங்குகிறாய். எல்லாம் கேட்டுவிட்டு, "பதினாறு நாள் இல்ல. இருவது," என்றாள். சரி என்று பதினாறைச் சுரண்டப் பிளேடை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே அங்கே பதினாறு என்றே இருக்கிறது. இங்கே சேர்க்கிறேன்: இருபது நாள். அவள் எண்ணியிருக்கிறாள், நான் எண்ணவில்லை.

ஹமிட்டுக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டேன். ஏழு கதவும் போய்விட்டது, இனி என்ன? நான் நாலு விதி யோசித்து வைத்திருந்தேன். அவள் உன்னை என் மடிக்கு மாற்றிவிட்டு, பேனாவைத் தோய்த்து, இந்தத் துணியின் அடியிலேயே வரைய ஆரம்பித்துவிட்டாள். கதவில்லாத வாசல் ஒன்று. அதன்வழியாக ஒரு பெண் தலையில் உப்புக்கூடையோடு வெளியே போகிறாள். வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு தந்தம் மட்டும் வந்திருக்கிறது. அது இன்னும் வளரும்போலத் தெரிகிறது, நான் எழுதும் இந்த வரி வரைக்கும் வருகிறது. இந்த முறை நான் நகர்ந்துகொள்கிறேன்.